பொம்பெயியா, ஹெர்குலேனியமா? ஒரே நாள்தான் என்றால்

"மேல என்ன இருந்துச்சு?"

பொம்பெயியில் வீட்டுக்கு வீடு அம்மா என்னிடம் கேட்டது இந்த ஒரே கேள்விதான். வாசல் தாண்டி உள்ளே போவோம். முற்றம், நடுவில் மழைநீர் விழும் தொட்டி, சுவரில் மங்கிய சிவப்பு. அம்மா அண்ணாந்து பார்ப்பார். வானம் தெரியும். "மாடி இருந்திருக்கும்மா, கூரையோட விழுந்துடுச்சு" என்பேன். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். சாயங்காலம் திரும்பி ரயில் ஏறும்போது அந்தக் கேள்வி என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஹெர்குலேனியம் போனோம். கால் மணி நேரத்தில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மாடி முகப்பைக் காட்டி, "இதோ இருக்கே" என்றார்.

2024 அக்டோபரில் நேப்பிள்ஸில் நான்கு நாள் தங்கியிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து இத்தாலி போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, ஒரே நாள்தான் இருக்கிறது, இரண்டில் எதற்குப் போவது என்றுதான். என் பதில் ஹெர்குலேனியம். பொம்பெயி மோசம் என்பதால் அல்ல. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுமே பழைய ரோமானிய ஊர்கள், இரண்டையும் கி.பி. 79-இல் புதைத்தது ஒரே வெசூவியஸ் எரிமலைதான். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் இரண்டுக்கும் போகலாம். ஹெர்குலேனியத்துக்கு இறங்க வேண்டிய எர்கொலானோ சுமார் இருபது நிமிடத்தில் வந்துவிடும், பொம்பெயி அதற்கும் அப்பால். பொம்பெயியில் கூட்டம் அதிகம், அதனால் இப்போது ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். ஹெர்குலேனியத்தில் நுழைவுச்சீட்டும் மலிவு, கூட்டமும் குறைவு. மதில் சூழ்ந்த பொம்பெயி 66 ஹெக்டேர், ஏறக்குறைய 163 ஏக்கர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. ஹெர்குலேனியத்தில் கண்ணுக்குத் தெரிவது நாலரை ஹெக்டேர், அதாவது 11 ஏக்கர்தான். மீதி ஊர் இன்றைய எர்கொலானோவின் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. பெரிய ஊர் பார்க்க வேண்டுமா, சின்ன ஊர் போதுமா என்று மட்டும் கேட்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் ஒரே மலை இரண்டு ஊரையும் ஒரே மாதிரி புதைக்கவில்லை. மற்ற எல்லா வித்தியாசமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அன்று காற்று தென்கிழக்காக வீசியது. மலையிலிருந்து எழுந்த புகைத்தூண் பொம்பெயி பக்கம் சாய்ந்து, பல மணி நேரம் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. நுரைக்கல் தனியாக எடுத்தால் பஞ்சுபோல லேசு. கூரையில் முழங்காலளவு சேர்ந்தால் உத்திரம் ஒடியும். பொம்பெயியின் மாடிகள் பெரும்பாலும் இப்படித்தான் போயின. மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் அந்த நேரத்தில் சாம்பல் லேசாகத்தான் விழுந்தது. நள்ளிரவுக்கு மேல் புகைத்தூண் நிலைகுலைந்து சரிந்தபோது கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் உருண்டு வந்து முதலில் இந்த ஊரைத்தான் மூடின. அலை அலையாக வந்து, சில இடங்களில் இருபது மீட்டர் உயரத்துக்கு நிரம்பி, பிறகு கல்லாக இறுகிவிட்டன.

நம் ஊரில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்கவே வேண்டாம். மரத்தை அடுக்கி மண்ணால் மூடி, காற்று புகாமல் வேகவைத்தால் மரம் சாம்பலாகாது, வடிவம் மாறாமல் கரியாகும். ஹெர்குலேனியம் முழுக்கவே ஒரு கரிமூட்டம்தான். கதவு, உத்திரம், கட்டில், தொட்டில், ரொட்டி, பப்பைரஸ் சுருள் எல்லாம் கரியாகி அப்படியே நின்றன. பொம்பெயியிலும் கருகிய ரொட்டி கிடைத்திருக்கிறது. ஆனால் ஊரின் மரவேலை முழுவதும் நின்றது ஹெர்குலேனியத்தில்தான்.

இதை நான் உணர்ந்தது மரத்தடுப்பு வீடு என்று பெயர் வைத்திருக்கும் வீட்டில். முற்றத்துக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் குடும்பத் தலைவரின் அறைக்கும் நடுவே, அறையின் முழு அகலத்துக்கும் ஒரு மரத்தடுப்பு. மூன்று இரட்டைக் கதவுகளாகச் செய்திருக்கிறார்கள். நடுக்கதவு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிலைகளைத் தேடிச் சுரங்கம் குடைந்தவர்கள் அதை அழித்துவிட்டார்கள். மற்ற இரண்டும் நிற்கின்றன. கரிக்கட்டை நிறம், ஆனால் பலகையில் இழைத்த சட்டங்களின் விளிம்பு இன்னும் கூர்மை. விளக்கு மாட்ட, கப்பலின் முன்மூக்குபோல வார்த்த வெண்கலத் தாங்கிகள். அம்மா வெகுநேரம் கீலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் விளக்கு வைச்சிட்டுச் சாத்தியிருப்பாங்க" என்றார். விருந்தாளி வந்தால் திறப்பது, வீட்டுப் பேச்சு என்றால் சாத்துவது. ஒரு கதவு இருந்தால்தான் வீட்டில் யார் எங்கே நின்று பேசினார்கள் என்று தோன்றுகிறது.

அதே தெருவில், பக்கத்திலேயே, அம்மா கைகாட்டிய அந்த மாடி வீடு. மரச்சட்டம் கட்டி, இடையில் கல்லும் சுண்ணாம்பும் அடைத்த மெல்லிய சுவர். மலிவாக, சீக்கிரமாகக் கட்டுகிற முறை. மாடிக்குத் தெருவிலிருந்தே தனி வழி இருக்கிறது, எனவே மேலே வேறு குடும்பம் இருந்திருக்க வேண்டும். இந்த மாதிரிச் சுவரை மனிதன் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம், தீப்பிடித்தால் பந்தம்போல எரியும் என்று ரோமானியக் கட்டட வல்லுநர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு சொன்ன அந்தச் சுவர் எரிமலையையே தாண்டி நிற்கிறது. நெப்டியூன் மொசைக் இருக்கும் வீட்டை ஒட்டிய கடையில், ஒயின் ஜாடிகளைச் சாய்த்து வைக்கும் மரப்பரண் இன்னும் சுவரோடு இருக்கிறது. அந்தக் கடையில் நின்றபோது ஜாடி எடுக்க ஆள் எந்தப் பக்கமாக எட்டியிருப்பான் என்று பார்த்தே சொல்ல முடிந்தது.

சரி, மரம் தப்பியது எரிமலையால். ஆனால் நான் ஹெர்குலேனியத்துக்குச் சாய்வது எரிமலைக்காக அல்ல. தோண்டி எடுத்த பிறகு மனிதர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக. பயணக் குறிப்புகளில் இதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு முடிவு செய்ய உதவியது இது ஒன்றுதான்.

மண்ணுக்குள் இருக்கும்வரை ஒரு பழைய ஊருக்கு ஆபத்து இல்லை. தோண்டிய நாளிலிருந்துதான் அதற்கு வயதாகத் தொடங்குகிறது. வெயில் படும், மழை இறங்கும், சுவரிடுக்கில் வேர் விடும், உப்பு பூக்கும், புறா கூடு கட்டும். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றாமல் விட்டால் அடுத்த வருடம் கைமரம் போய்விடும். ரோமானியர்கள் கட்டிய சுவர் என்பதற்காக மழை சலுகை காட்டாது.

ஹெர்குலேனியத்தை வானம் பார்க்கத் தோண்டியவர் அமெதியோ மைஊரி. 1927-இல் தொடங்கி முப்பது வருடத்துக்கும் மேல் அவர் காலம். தோண்டுகிறபோதே பழுதுபார்த்து, கரியான உத்திரத்தை இருந்த இடத்திலேயே காட்டி, வீட்டுக்கு வீடு கூரை போட்டுக்கொண்டே போனார். இந்த ஒழுங்குதான் ஊரைக் காப்பாற்றியது. ஆனால் அந்தக் காலத்தில் நம்பிப் போட்ட கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து உப்பியது. உப்பினால் கான்கிரீட் வெடிக்கும், வெடித்தால் நீர் இறங்கும். ஓவியங்களைக் காக்க அவற்றின்மேல் பூசிய மெழுகும் நாளடைவில் உள்ளே ஈரத்தை அடைத்துக்கொண்டது. அன்றாடம் கவனிக்க ஆளும் பணமும் குறைந்தன. 1990-களின் கடைசியில், முன்பு மக்கள் நடமாடிய பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு பூட்டிக் கிடந்தது.

2001-இல் அமெரிக்காவின் பேக்கார்டு மனிதவியல் நிறுவனமும் இத்தாலியத் தொல்லியல் துறையும் சேர்ந்து ஹெர்குலேனியம் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கின, பிறகு ரோமில் உள்ள பிரிட்டிஷ் ஆய்வுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. அவர்கள் வேலையைத் தொடங்கிய இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெயர்பெற்ற ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துப் பளபளப்பாக்கி ரிப்பன் வெட்டவில்லை. ஊர் முழுக்க ஒழுகும் கூரை எது, சாயும் சுவர் எது, நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அவசரமானதை முதலில் சரிசெய்தார்கள். கூரை, வடிகால் என்று யாரும் புகைப்படம் எடுக்காத வேலைகள்தான் முதலில் நடந்தன. புறாக்களை விரட்ட வல்லூறு பழக்கியவரை வரவழைத்தார்கள். புறா எச்சத்தின் அமிலம் ஓவியத்தை அரிக்கும், கரி உத்திரத்தின் பொந்துதான் அவற்றுக்குக் கூடு.

வடிகாலுக்கு அவர்கள் புதுக் குழாய் பதித்துக்கொண்டு நிற்கவில்லை. ரோமானியர்கள் கட்டிவைத்த வாய்க்கால்களையே தூர்வாரி மீண்டும் மழைநீரை அதில் விட்டார்கள். அப்படித் தூர்வாரிய ஒரு நிலத்தடி வாய்க்கால், சாதாரணக் கடைகளும் மாடிக் குடியிருப்புகளும் நிறைந்த ஒரு கட்டட வரிசைக்குக் கீழே, 86 மீட்டர் நீளம். உள்ளே இருந்தது அந்த வீடுகளின் கழிவறையிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் விழுந்தது. 700 மூட்டைக்கு மேல் அள்ளினார்கள். சலித்துப் பார்த்தால் அத்தி விதை, ஆலிவ் கொட்டை, முட்டை ஓடு, மீன் முள், கோழி எலும்பு, கடல் முள்ளெலி ஓடு. பணக்காரர் விருந்தைப் பற்றி ரோமானிய எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம் என்ன சாப்பிட்டது என்று சொன்னது மழைநீர் போக வழி செய்த இந்த வேலைதான்.

பழைய கடற்கரையிலும் இதே கதை. எல்லோரும் தப்பிப் போய்விட்டார்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-இல் வடிகால் தோண்டியபோது எலும்புகள் தெரிந்தன. கரையோரம் இருந்த வளைவு அறைகளில், படகு நிறுத்தும் இடங்களில், ஏறக்குறைய 300 பேர் ஒருவர்மேல் ஒருவர் ஒண்டிக் கிடந்தார்கள். பின்னால் அதே கரையில், டெலிஃபஸ் சிற்ப வீட்டின் மரக்கூரை தலைகீழாக ஈரமணலில் கிடைத்தது. எரிமலை அலை அதைப் பிய்த்து வீசியிருக்கிறது. மணலின் ஈரத்தால் கரியாகவும் இல்லை, மட்கவும் இல்லை. கட்டம் கட்டமாகச் செய்த உட்கூரையில் வண்ணம்கூட மிச்சம்.

அந்தக் கரை இன்றைய கடல்மட்டத்துக்குச் சுமார் நான்கு மீட்டர் கீழே இருக்கிறது. விட்டால் நீர் ஊறி நிரம்பிவிடும், எனவே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஜூனில் அதைச் சீர்செய்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாங்கள் அந்தக் கருமணலில் நின்று வளைவுகளுக்குள் பார்த்தோம். இப்போது அங்கே வைத்திருப்பவை அசல் எலும்புகளின் பிரதிகள். தெரிந்திருந்தும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். குழந்தையை அணைத்த நிலையில் இருந்த ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

இப்போது பொம்பெயிக்கு நியாயமாகப் பேச வேண்டும். 2010 நவம்பர் 6 அன்று காலை அங்கே வீரர்களின் ஆயுதக்கூடம் என்று சொல்லப்படும் கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சேதமானபின் போட்ட கனமான கான்கிரீட் கூரை மேலே, மழையில் ஊறிய மண்மேடு பின்னே. இத்தாலியின் குடியரசுத் தலைவரே இது நாட்டுக்கு வெட்கம் என்றார். அதன் பிறகு 10.5 கோடி யூரோவில் பெரும் பொம்பெயித் திட்டம் வந்தது, பாதிப் பணத்துக்கும் மேல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. வெட்டியோ வீடு நீண்டகாலப் பணிக்குப் பின் 2023 ஜனவரியில் திறந்தது. நாங்கள் பார்த்த ஓவியங்களில் அதுதான் உச்சம். தோண்டாத பகுதியின் ஓரச் சரிவுகள் சரியாமல் இருக்கச் சீர்செய்யப் போனபோது புதிய வீடுகளும் ஓர் உணவுக்கடையும் வெளிவந்தன. அங்கே ஒரு சுவரில் கரியால் கிறுக்கிய அக்டோபர் மாதத் தேதி 2018-இல் கிடைத்தது. எரிமலை ஆகஸ்டில் வெடித்தது என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததை அது கிட்டத்தட்ட அசைத்துவிட்டது. இங்கேயும் கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தது பராமரிப்புதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நூறு ஏக்கருக்கு மேல் திறந்து கிடக்கும் ஊர். 1748-லிருந்து தோண்டியது. தொடக்க காலத்தில் நல்ல ஓவியத்தை வெட்டி எடுத்துக்கொண்டு சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். இவ்வளவுக்கும் கூரை போடவே முடியாது. எவ்வளவு நல்ல கை பட்டாலும் பொம்பெயி பெரும்பாலும் வானத்தின் கீழே நிற்கிற ஊர்தான். 11 ஏக்கரை ஒரு குழு வருடம் முழுக்கச் சுற்றிவந்து, ஒழுகும் ஓட்டை அன்றே மாற்ற முடியும். ஹெர்குலேனியம் சின்னது என்று குறை சொல்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். சின்னதாக இருப்பதால்தான் முழுதாக இருக்கிறது. இருநூற்றாண்டு வீடு என்று ஒரு பெரிய வீடு அங்கே 1983-இல் மூடி 2019-இல்தான் திறந்தது. 36 வருடம். ஒரே வீட்டுக்கு இவ்வளவு என்றால் பொம்பெயியின் அளவுக்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் பொம்பெயிக்குத்தான் போக வேண்டும்? ஊர் என்பது வீடு மட்டும் இல்லை, சந்தை, கோயில், வழக்கு மன்றம், அரங்கு எல்லாம் சேர்ந்ததுதான் என்று நினைப்பவர்கள். பொம்பெயியின் பொதுமன்றத்தில் நின்று பின்னால் வெசூவியஸைப் பார்க்கும் காட்சி ஹெர்குலேனியத்தில் கிடைக்காது. 20,000 பேர் உட்காரக்கூடிய வட்டரங்கு அங்கே உண்டு. கி.பி. 59-இல் பக்கத்து ஊர் நுகேரியாக்காரர்களோடு அங்கே நடந்த அடிதடியில் பலர் செத்து, பத்து வருடத்துக்கு விளையாட்டுகளுக்கே தடை போட்டார்கள். தெருவில் வண்டிச்சக்கரம் அரைத்த தடம், மழையில் கால் நனையாமல் கடக்கப் போட்ட உயரக் கற்கள், சுவரில் தேர்தல் விளம்பரம், இவையெல்லாம் பொம்பெயிக்கே உரியவை. 1863-இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி, உடல் மட்கிய வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த மனித உருவங்களும் அங்கேதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தப் பெரிய ஊரில் ஓடியாட இடம் உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அறுபது தாண்டிய அம்மாவோடு போனவள், எனவே அதில் என் அனுபவம் இல்லை. நிழல் குறைவு, கற்கள் மேடுபள்ளம், மதியத்துக்குள் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இரண்டு ஊரிலிருந்தும் எடுத்த சிறந்த பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. அலெக்சாண்டர் மொசைக் ஒருபக்கம் இருக்கட்டும், பொம்பெயி லட்சுமி என்று பெயர்பெற்ற தந்தப் பதுமையை விடாதீர்கள். 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் மைஊரி எடுத்தது, ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேல். காலில் அடுக்கடுக்காகத் தண்டை, இடையில் மேகலை, இருபக்கமும் ஒப்பனைப் பேழை ஏந்திய சேடிகள். லட்சுமிதானா, யட்சியா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறி வெசூவியஸின் அடிவாரம்வரை போனவள். அம்மா அவள் முன்னால் கைகூப்பி நின்றார்.

மூன்றாம் நாள் அருங்காட்சியகத்தில் போயிற்று. நான்காம் நாள் மீண்டும் பொம்பெயி போய், மதிலுக்கு வெளியே இருக்கும் மர்ம மாளிகையைப் பார்ப்பதாகத்தான் திட்டம். விடியற்காலையிலிருந்து மழை. ரயில் நிலையத்தில் நின்றபோது அம்மா, "அந்த மாடி வீட்டுக்கே இன்னொரு தடவை போவோமாடி?" என்று கேட்டார். எர்கொலானோவில் இறங்கினோம். அதனால் மர்ம மாளிகையை நான் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் பொம்பெயிக்கு ஓட்டுப் போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சரிந்து இறங்கும் தெருவில் மழைநீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் தேங்கவில்லை. "இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்று அம்மா கேட்டார். தெருவுக்கு அடியில் இருக்கும் பழைய வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு வீட்டு வாசலுக்குள் ஒதுங்கி, குடையை மடக்கி, தலைக்கு மேலிருந்த தளத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.